நூற்றுக்கு 54 பேர் 'ஆம்' சொல்லியும் தோற்றோம்: பள்ளி பாண்டு பிரசாரத்துக்குப் போகும் புதியவருக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எச்-1பி விசா. மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வரும் நவம்பர் தேர்தலில் எங்கள் பள்ளி மாவட்டம் 'பாண்டு மெஷர்' ஒன்றைக் கொண்டுவருகிறதாம். பெற்றோர் குழு என்னையும் வீடு வீடாகப் போகக் கூப்பிடுகிறது. அரசுப் பள்ளிக்குக் கட்டடம் கட்ட ஊராரிடம் ஏன் வாக்குக் கேட்க வேண்டும்? வாக்குரிமையே இல்லாத நான் போகலாமா? போய் என்ன சொல்வது?

பதில்: போகலாம், தயங்காமல் போங்கள். வாக்குரிமை இல்லாதவர் சம்பளம் வாங்காமல் கதவு தட்டுவதையோ, போன் செய்வதையோ, துண்டறிக்கை மடிப்பதையோ சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது பணத்தைத்தான். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் இந்தப் பிரசாரத்துக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. கலிஃபோர்னியாவில் இந்தத் தடை வேட்பாளர்களுக்கு மட்டும் இல்லை, உள்ளூர் மெஷருக்கும் உண்டு. காசாகத் தந்தால்தான் நன்கொடை என்றும் நினைக்காதீர்கள். சனிக்கிழமை காலை தன்னார்வலர்களுக்கு உங்கள் செலவில் நாற்பது பேருக்கு இட்லி வாங்கி வந்தால், அதுவும் பொருளாகத் தந்த நன்கொடையாகக் கணக்கில் ஏறக்கூடும். பிரசாரப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்திலும் உட்கார வேண்டாம். உங்கள் நேரத்தையும் கால்களையும் தாருங்கள், அது போதும். கிரீன் கார்டு வந்தபின் நன்கொடை தரலாம். வாக்கு, குடியுரிமை வந்த பிறகுதான்.

நான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். மூன்று பாண்டு பிரசாரங்களில் வேலை செய்திருக்கிறேன். முதலாவதில் தோற்றோம். அந்தத் தோல்வியில் கற்றதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன், ஊராரை ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்ற உங்கள் முதல் கேள்வி.

நம் ஊரில் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை வேண்டுமென்றால் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்போம். அரசு நிதி ஒதுக்கும், நபார்டு உதவியில் கட்டியது என்று சுவரில் எழுதியிருப்பார்கள். 'இந்தக் கட்டடத்துக்கு வரி கட்டச் சம்மதமா' என்று வீட்டு வாசலில் வந்து யாரும் கேட்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஆசிரியர் சம்பளம் உள்ளிட்ட அன்றாடச் செலவுக்கான வருமானத்தை மாநில அரசின் சூத்திரம் தீர்மானிக்கிறது. கூரை மாற்றுவது, பழைய மின்கம்பிகளைப் பிடுங்கிப் புதிதாக இழுப்பது, அறிவியல் கூடம் கட்டுவது எல்லாம் அந்தச் சூத்திரத்துக்குள் அடங்காது. அதற்குப் பள்ளி மாவட்டம், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு, கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன்பத்திரம்தான் பாண்டு. கடனை அடைக்கப்போவது ஊரார் கட்டும் சொத்து வரி என்பதால் ஊராரின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்கும் வாக்கெடுப்புதான் மெஷர்.

இதன் வேர் 1978இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் ப்ராப் 13 என்ற சட்டத்திருத்தத்தை நிறைவேற்றினார்கள். ப்ராப் என்பது ப்ராப்பசிஷன், மாநிலம் முழுக்க மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முன்மொழிவு. சொத்து வரி, வீட்டின் பதிவு மதிப்பில், அதாவது வரிக்கணக்குக்காகப் பதிந்துவைத்திருக்கும் மதிப்பில், 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவு மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு உயரும். வரி ஏறி ஏறி வீட்டையே விற்க வேண்டி வருமோ என்று பயந்த முதியவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதோடு உள்ளூர்ப் பள்ளிகள் சொத்து வரியைக் காட்டிப் புதுக்கடன் வாங்கும் வழியும் அடைந்துபோனது. 1986இல் ப்ராப் 46 அந்த வழியைத் திறந்துவிட்டது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஊரில் ஒருவர் 'இல்லை' என்றால் அதை ஈடுகட்ட இரண்டு 'ஆம்' வேண்டும். நூற்றுக்கு அறுபது பேர் சம்மதித்தும் கூரை ஒழுகிக்கொண்டே இருந்த ஊர்கள் உண்டு.

2000 மார்ச்சில் அதைச் சாதாரணப் பெரும்பான்மைக்குக் குறைக்க ப்ராப் 26 வந்து தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் ப்ராப் 39 வந்து, 55 சதவீதம் போதும் என்றது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். சும்மா ஏற்கவில்லை, அதில் கடிவாளங்கள் இருந்தன. எந்தப் பள்ளியில் என்ன வேலை என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் ஒரு காசு தொடக் கூடாது. ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட மக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும். அதில் வணிக அமைப்பு, முதியோர் அமைப்பு, வரி செலுத்துவோர் அமைப்பு ஆகியவற்றிலிருந்து தலா ஒருவர், பெற்றோர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஈடுபாடுள்ள பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும். வரிக்கும் உச்சவரம்பு உண்டு. தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஒரே நிர்வாகத்தில் இருக்கும் யூனிஃபைடு மாவட்டம் என்றால், ஒரு மெஷருக்கு மதிப்பிடும் வரி லட்சம் டாலர் பதிவு மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலரைத் தாண்டக் கூடாது. தொடக்கப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் தனித்தனி மாவட்டம் என்றால் 30 டாலர்.

இந்த நிபந்தனைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இவற்றிலேயே பதில் இருக்கிறது.

55 என்பது எளிதாகத் தெரியும், எளிதில்லை. ஒன்பது 'இல்லை'க்குப் பதினோரு 'ஆம்' வேண்டும். எங்கள் முதல் பிரசாரத்தில் 54 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கினோம். வேறு எந்தத் தேர்தலிலும் அது நல்ல வெற்றி. எங்களுக்கு அது தோல்வி. மறுநாள் காலை மகனைப் பள்ளியில் விடப் போனேன். அவன் வகுப்பு ஒரு போர்ட்டபிள், தூக்கிவந்து வைக்கும் தற்காலிக அறை. மரப்பலகைச் சரிவில் ஏறிக் கதவைத் திறந்தால் முதலில் வருவது கம்பளத்தின் ஈர வாசனை. ஜன்னலுக்கு மேலே கூரை ஓட்டில் பழுப்பு வட்டம், மழைக்கு மழை ஒரு விரல்கடை பெரிதாகும். அதன் கீழே ஆசிரியை வைத்திருந்த நீல வாளியைப் பிள்ளைகள் பழகிப்போய்ச் சுற்றி நடப்பார்கள். சில ஆண்டுகளுக்கு என்று கொண்டுவந்து வைத்த பெட்டி அது, இருபது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. அந்த வாளியைப் பார்த்தபடி நின்றபோதுதான், யாரிடம் போய்க் கேட்டோம், யாரை விட்டுவிட்டோம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நாங்கள் போய்க் கேட்டவர்கள் எல்லாரும் பெற்றோர்கள். பள்ளி வாசலில் நின்றோம், வாட்ஸ்அப் குழுக்களில் எழுதினோம், தமிழ்ப் பள்ளியிலும் கோயிலிலும் பேசினோம். ஏற்கெனவே சம்மதித்தவர்களிடமே திரும்பத் திரும்பச் சம்மதம் வாங்கிக்கொண்டிருந்தோம். அவர்களில் பலருக்கு உங்களைப் போலவே வாக்குரிமை இல்லை. ஊரின் பழைய பகுதியில், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட தெருக்களில், ஒரு தேர்தலையும் தவறவிடாத வாக்காளர்கள் இருந்தார்கள். 'அவர்கள் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்' என்று நாங்களே முடிவு செய்து அந்தத் தெருக்களுக்குப் போகவே இல்லை. இது எங்கள் முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. எங்கள் குழுவில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், சில முதியவர்களிடம் '65 வயது தாண்டியவர்களுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு' என்று சொல்லிவிட்டார். விலக்கு கிடையாது. பார்சல் டாக்ஸ் என்று இன்னொரு வகை மெஷர் இருக்கிறது. அது ஒரு மனைக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி, ஆசிரியர் சம்பளத்துக்கும் செலவிடலாம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதில்தான் பல மாவட்டங்கள் முதியோருக்கு விலக்குத் தருகின்றன. பாண்டு வரி சொத்தின் மதிப்பை வைத்து எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் விழும். விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்காரர்கள் பொய் சொல்லி வாக்குக் கேட்கிறார்கள் என்று அக்கம்பக்கத்துக் குழுவில் எழுதினார். அவர் எழுதியதில் தப்பில்லை. அதன் பிறகு நாங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை.

ஆகவே வாசலில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என் பதில்: வரி எவ்வளவு என்பதை முதலில் சொல்லுங்கள். பிள்ளைகளின் எதிர்காலம், வீட்டு விலை உயரும் என்றெல்லாம் தொடங்காதீர்கள். எதிரில் நிற்பவர் மனத்தில் ஓடுவது ஒரே கணக்குத்தான், எனக்கு எவ்வளவு ஆகும் என்று. அதைத் தள்ளிப்போட்டுப் பேசினால் மறைக்கிறீர்கள் என்றுதான் அவருக்குப் படும்.

கணக்கு இதுதான். மெஷரின் மதிப்பீடு லட்சத்துக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த லட்சம், சந்தை விலையில் இல்லை, பதிவு மதிப்பில். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் 18 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 900 டாலர். எதிர்வீட்டுக்காரர் 34 ஆண்டுகளுக்கு முன் இரண்டரை லட்சத்துக்கு வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 2 சதவீதம் முழுதாக ஏறியிருந்தாலும் பதிவு மதிப்பு 4.9 லட்சம்தான், வரி ஏறத்தாழ 245 டாலர். இரண்டும் ஒரே அளவு வீடு, ஒரே தெரு. புதிதாக வாங்கியவருக்குத்தான் பாரம் அதிகம். அதையும் அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு பில் நேரடியாக வராது. உரிமையாளர் வாடகையில் ஏற்றலாம், ஏற்றாமலும் இருக்கலாம். 'உங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று உறுதி கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பிரசாரத்தில் அந்தப் பழைய தெருக்களுக்குப் போனோம். ஒரு பெரியவர், எண்பதை ஒட்டிய வயது, கதவைப் பாதி திறந்து 'என் வீடு பதினைந்து லட்சம் என்கிறார்கள். வருஷத்துக்கு எழுநூறு எண்ணூறு டாலர் கேட்கிறீர்கள். நான் ஓய்வூதியத்தில் இருப்பவன்' என்றார். சொத்து வரி பில் வந்துவிட்டதா என்று கேட்டேன். நவம்பர் தேர்தலில் ஒரு வசதி உண்டு. வாக்குச்சீட்டு தபாலில் வரும் அக்டோபரில்தான் கவுண்டியின் வரி பில்லும் வரும். உள்ளே போய் எடுத்து வந்தார். இருவருமாகத் திண்ணை விளக்கின் கீழே அதை விரித்துப் பார்த்தோம். வீடு வாங்கியது 1974இல். பதிவு மதிப்பு என்ற கட்டத்தில் இருந்த எண் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தொடவில்லை. விரலால் அந்த எண்ணைத் தொட்டபடி, 'அப்படியானால் அறுபது டாலரா?' என்றார். ஆமாம் என்றேன், முப்பது ஆண்டுகள்வரை கட்ட வேண்டியிருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதே பில்லில் முந்தைய மெஷர்களுக்கான வரிகள் தனித்தனி வரிசையில் இருப்பதையும் காட்டினேன். கம்யூனிட்டி கல்லூரிக்கு ஒன்று, பள்ளிகளுக்கு ஒன்று. இத்தனை ஆண்டுகளாக எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டியிருக்கிறார். தன் மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள் என்று சொல்லத் தொடங்கி, பதினைந்து நிமிடம் பேசினார். அவர் என்ன வாக்களித்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. அன்று முதல் எங்கள் தன்னார்வலர் எல்லாரும் 'உங்கள் பில்லைச் சேர்ந்து பார்க்கலாமா' என்றே பேச்சைத் தொடங்கினார்கள்.

எண்களை மறைத்தாலும் பயனில்லை, வாக்குச்சீட்டிலேயே அச்சாகிவிடும். ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகும், என்ன விகிதம், எத்தனை ஆண்டு என்ற மூன்றும் அந்தச் சின்னப் பத்தியிலேயே இருக்க வேண்டும் என்று 2017இல் வந்த சட்டம் சொல்கிறது. டெக்சாஸில் 2019 முதல் பள்ளி பாண்டு வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்ற வாக்கியம் கட்டாயம். அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் படித்தவுடன் கை தயங்கும். வாஷிங்டன் மாநிலத்தில் 60 சதவீதம் வேண்டும், போதாததற்குக் குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்ற நிபந்தனையும் உண்டு. ஐடஹோவில் இன்றும் மூன்றில் இரண்டு பங்குதான். சியாட்டில் பக்கம் இருக்கும் நண்பர் 'எங்கள் ஊரில் ஜெயித்தது எப்படி' என்று அறிவுரை சொன்னால், அவர் ஏறிய மலை வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

வட்டியைப் பற்றியும் கேட்பார்கள். நீண்ட காலக் கடன், அசலுக்கு ஏறத்தாழ இன்னொரு மடங்கு வட்டியாகப் போகலாம், இதை ஒப்புக்கொள்ளுங்கள். 'போவே' என்ற ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்பவரும் இருப்பார். சான் டியேகோ அருகிலுள்ள அந்தப் பள்ளி மாவட்டம் 2011இல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. இருபது ஆண்டுகளுக்குத் தவணையே கட்ட வேண்டாம் என்ற வகைக் கடன் அது. வட்டி குட்டி போட்டு, திருப்பிக் கட்ட வேண்டிய தொகை 100 கோடி டாலரை நெருங்கியது. அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் 2013இல் சட்டம் மாறியது. இப்போது அந்த வகைக் கடனில் மொத்தம் திருப்பிக் கட்டுவது அசலைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது, காலமும் 25 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டம் அந்த வகைக் கடன் வாங்கத் திட்டமிடுகிறதா என்று பிரசாரத்துக்குக் கிளம்பும் முன் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். 'ஆம்' என்றால் அதைச் சரிசெய்யச் சொல்லிப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசுங்கள். கூட்டத்தில் பேசக் குடியுரிமை வேண்டியதில்லை.

மாணவர் எண்ணிக்கை குறைகிறதே, இப்போது எதற்குக் கட்டடம் என்பது இப்போது அடிக்கடி வரும் கேள்வி. குறைவது உண்மை. மாநிலம் முழுக்க அரசுப் பள்ளி மாணவர்கள் 2021-22இல் 60 லட்சத்துக்குக் கீழே இறங்கினார்கள். ஆனால் மெஷரின் வேலைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கூரை, கழிவறை, குளிர்சாதனம், மின்கம்பி என்று பெரும்பாலும் பழையதைச் சரிசெய்வதுதான் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிள்ளைகள் பெருகிய காலத்தில் கட்டிய பள்ளிகளில்தான் இன்றும் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வகுப்பறைக்கு ஏன் இவ்வளவு செலவு என்பவருக்கு 1933ஐச் சொல்லுங்கள். அந்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி மாலை 5.54க்கு லாங் பீச்சில் நிலநடுக்கம். செங்கல் பள்ளிகள் பொலபொலவென்று சரிந்தன. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் உள்ளே பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஒரு மாதத்துக்குள் ஃபீல்டு சட்டம் வந்தது. அன்று முதல் அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநில அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், கட்டும்போது ஆய்வாளர் உடனிருக்க வேண்டும். செலவு கூடுவதற்கு இது ஒரு காரணம். இந்தச் செலவு எனக்கு உறுத்தியதே இல்லை.

இன்னொரு வலுவான வாதம் உண்டு, அதை ஏனோ பலர் சொல்வதில்லை. மாநில அரசும் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன்பத்திரம் வெளியிடுகிறது. 2016இல் 900 கோடி டாலருக்கு ஒன்று, 2024 நவம்பரில் ப்ராப் 2 என்று 1,000 கோடி டாலருக்கு ஒன்று. ஆனால் அந்தப் பணம், உள்ளூரில் பங்கு போடும் மாவட்டத்துக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். புதுக்கட்டடத்துக்குப் பாதிக்குப் பாதி, பழையதைப் புதுப்பிக்க மாநிலம் 60 பங்கு, ஊர் 40 பங்கு என்பது அடிப்படைக் கணக்கு. உள்ளூர் மெஷர் தோற்றால், நாம் கட்டிய மாநில வரியிலிருந்து வரும் பங்கு வேறு ஊருக்குப் போகும். நடுவே 2020 மார்ச்சில் 1,500 கோடி டாலர் மாநிலக் கடன்பத்திரம் தோற்றது. அதற்கும் ப்ராப் 13 என்றே எண் விழுந்திருந்தது. 1978இன் சட்டத்தோடு வாக்காளர்கள் அதைக் குழப்பிக்கொண்டார்கள் என்று பலர் சொன்னார்கள். அன்று உள்ளூர் மெஷர்களிலும் பெரும்பாலானவை தோற்றன. மற்ற தேர்தல்களில் பெரும்பாலானவை ஜெயிப்பதுதான் வழக்கம். 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் கேட்ட 900 கோடி டாலரையே மக்கள் தந்தார்கள். தேர்தலில் எத்தனை பேர், எந்த வயதினர் வருகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

சட்டத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், இதில் தவறினால் மாவட்டத்துக்கே தலைவலி. பள்ளி மாவட்டம் மெஷரை வாக்குக்கு வைக்கலாம், நடுநிலையாகத் தகவல் தரலாம். 'ஆம் என்று வாக்களியுங்கள்' என்று பொதுப்பணத்தில் கேட்கக் கூடாது. 1976இல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் பிரசாரத்தைத் தன்னார்வலர்கள் செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளியின் நகல் இயந்திரம், மின்னஞ்சல் பட்டியல், பிள்ளைகளின் புத்தகப்பை மூன்றையும் தொடாதீர்கள். ஆசிரியர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே, சொந்த போனிலிருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் வேலை செய்யலாம். அவர்கள் ஒரு தெருவுக்கு வந்தால் நாம் பத்துத் தெரு போனதற்குச் சமம். பெற்றோர் ஆசிரியர் கழகம், கோயில், தமிழ்ச் சங்கம் போன்ற வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது, மெஷரை ஓர் அளவுக்குள் ஆதரிக்கலாம்.

பிரசாரக் குழு ஆண்டுக்கு 2,000 டாலரோ அதற்கு மேலோ திரட்டினால் மாநிலத்தில் பதிவு செய்து, வரவு செலவை வெளியிட வேண்டும். அதற்கென்று ஒரு பொருளாளர் இருப்பார், அதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி, சனிக்கிழமை உங்கள் கையில் வரும் பட்டியல். தேர்தல் அலுவலகத்திலிருந்து வாங்கிய வாக்காளர் பட்டியலைக் குழு தெருவாரியாகப் பிரித்துப் போனில் ஏற்றித் தரும். யார் எந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்பது அதில் இருக்கும், யாருக்கு என்பது இருக்காது. உங்கள் முதல் வேலை மனத்தை மாற்றுவதைவிட, யார் 'ஆம்', யார் தயக்கம், யார் 'இல்லை' என்று குறிப்பது. 'இல்லை' என்று உறுதியாகச் சொன்னவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். வாதாடிக் கோபமூட்டினால், சும்மா இருக்கப் போனவரும் மறக்காமல் வாக்களிப்பார். தயங்குபவரிடம் நேரம் செலவழியுங்கள். 'ஆம்' என்றவரிடம் அக்டோபரில் திரும்பப் போக வேண்டும்.

ஏன் திரும்ப? கலிஃபோர்னியாவில் இப்போது பதிவுபெற்ற வாக்காளர் எல்லாருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வருகிறது, தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பே. சமையல் மேடையில், விளம்பரத் தாள்களுக்கு நடுவே அது கிடக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடுகளில்தான் அதிக நாள் கிடக்கும். எடுத்தாலும் ஜனாதிபதி, செனட் என்று தொடங்கிப் பக்கம் புரட்டிப் புரட்டிக் கடைசியில்தான் பள்ளி மெஷர் வரும். பலர் அதற்குள் களைத்து உறையை மூடிவிடுவார்கள். எங்கள் தோல்வியில் நாங்கள் கண்ட வித்தியாசம், ஒரு பள்ளியின் பெற்றோர் எண்ணிக்கைகூட இல்லை. உள்ளூர் மெஷருக்கு ஆங்கில எழுத்துதான் பெயர். ஆகவே 'வாக்குச்சீட்டின் பின்பக்கம், கீழே, இந்த எழுத்து' என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். மெஷரின் எழுத்தை உங்கள் ஊர்க்காரர்கள் மனத்தில் பதிய வைப்பது, பத்துக் காரணம் சொல்வதைவிடப் பலன் தரும்.

வாக்காளர் கையேட்டில் ஆதரவு வாதம் 300 சொல்லுக்குள் அச்சாகும், அதில் ஐந்து பேர் கையெழுத்திடலாம். அந்த ஐந்து பேரும் பெற்றோராக இருந்தால் வாய்ப்பை வீணாக்கிவிட்டோம் என்று பொருள். முதலாவது பிரசாரத்தில் எங்களுடையது அப்படித்தான் இருந்தது. பிறகு வந்ததில் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி, கடைக்காரர், பழைய கண்காணிப்புக் குழுவில் இருந்த கணக்காளர் எல்லாம் கையெழுத்திட்டார்கள். அந்தக் கணக்காளர், போன பாண்டின் ஒவ்வொரு செலவையும் தான் பார்த்தேன் என்று சொன்னதை மறுக்க யாராலும் முடியவில்லை.

தேர்தல் இரவு முடிவு தெரியும் என்று எதிர்பார்த்துத் தூக்கம் கெடாதீர்கள். முதலில் எண்ணுவது சீக்கிரம் அனுப்பியவர்களின் சீட்டு, அதில் முதியவர்கள் அதிகம். கடைசி நாளில் போட்டவர்களின் சீட்டை எண்ண எண்ணப் பள்ளி மெஷர்களின் சதவீதம் மெல்ல ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் இரண்டாவது மெஷர் முதல் இரவு 55க்குக் கீழே நின்றது, இரண்டாவது வாரத்தில் தாண்டியது. அந்த நாட்களிலும் வேலை உண்டு. உறையில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் கவுண்டி அந்த வாக்காளருக்குக் கடிதம் அனுப்பும், சரிசெய்ய அவகாசமும் தரும். பதினெட்டு வயதில் முதல்முறை வாக்களிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. அவர்கள் கல்லூரி விடுதியில் இருப்பார்கள், கடிதம் வீட்டில் கிடக்கும். அவர்கள் அம்மா அப்பாவுக்குப் போன் செய்து 'கடிதம் வந்ததா பாருங்கள்' என்று சொல்வதற்கு வாக்குரிமை தேவையில்லை. தமிழில் சொன்னால் இன்னும் நல்லது.

ஜெயித்தால், கண்காணிப்புக் குழுவுக்கு ஆள் கேட்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கூட்டங்களுக்குப் பார்வையாளராக வருபவர் இரண்டு பேர்தான், சில மாதம் ஒருவரும் இல்லை. கூட்டம் யாருக்கும் திறந்தது. பிரசாரத்தில் வாசலில் நின்று நீங்கள் சொன்ன கூரை எந்த மாதம் போட்டார்கள், எவ்வளவு ஆனது என்று போய்க் கேளுங்கள். அடுத்த முறை அதே தெருவுக்குப் போகும்போது அந்தப் பெரியவர் அதைத்தான் கேட்பார்.

முதல் சனிக்கிழமைக்கு வசதியான செருப்பு, தண்ணீர், போனுக்கு சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிப் போகலாம், ஆனால் பேச வைக்காதீர்கள். உங்கள் மாவட்டத்தின் வேலைப் பட்டியலில் அவள் பள்ளிக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை முந்தின இரவே படித்துவிடுங்கள்.